முதலில் சொன்னது யார்?

பங்குனி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வலங்கைமான் பக்கம் போனால், உயிரோடு இருப்பவர்களைப் பாடையில் படுக்கவைத்துத் தூக்கி வருவதைப் பார்க்கலாம். பயப்பட வேண்டாம். வரதராஜம்பேட்டை மகாமாரியம்மன் கோயில் திருவிழா அது. பெரிய நோயில் விழுந்து, பிழைப்பாரோ மாட்டாரோ என்று வீட்டார் தவித்தபோது வேண்டிக்கொண்டவர்கள், குணமானபின் வந்து நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள். பச்சை மூங்கிலில் பாடை கட்டி, முன்னால் தீச்சட்டி போக, பறை அதிர, உறவுக்காரர்கள் தோளில் சுமந்து கோயிலைச் சுற்றி வருவார்கள். சுற்றி முடித்ததும் பாடையில் இருந்தவர் எழுந்து தன் காலால் நடந்து வீட்டுக்குப் போவார். கும்பகோணத்திலிருந்து வரும் பஸ்கள் அன்றைக்கு ஊர்ந்துதான் போகும்.

அந்தக் காலத்தில் மாரியம்மனிடம் மக்கள் அதிகமாக ஓடியது பெரியம்மைக்காக. வைசூரி என்றும் சொல்வார்கள். வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களுக்கு ஆயுள் முழுக்க முகத்தில் தழும்பு. சிலருக்குக் கண்ணும் போனது. வந்தபின் குணமாக்க மருந்து கிடையாது. இன்றைக்கு நம் வீடுகளில் அம்மை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் சின்னம்மை, இல்லாவிட்டால் பாட்டிமார் மணல்வாரி என்று சொல்லும் தட்டம்மை. பெரியம்மை இப்போது எந்த நாட்டிலும், எந்த மனிதருக்கும் இல்லை. அது ஒழிந்த கதையில் டாக்டர்கள் வருவார்கள், தடுப்பூசி வரும். அதோடு, எங்கோ ஒரு தீவில் இருந்த எட்டு வயதுச் சிறுமியும் வருவாள். அவள் செய்த வேலை என்னவென்றால், பார்த்ததைப் போய்ச் சொன்னது.

நோயைப் பற்றிய சேதி நோயைவிட வேகமாக ஓட வேண்டும். நோய்க் கண்காணிப்பு என்று பெரியவர்கள் சொல்வதெல்லாம் இந்த ஓட்டப் பந்தயம்தான்.

நம் ஊர்களில் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிடுவார்கள். அந்த வீட்டில் தாளிதம் கிடையாது; வெளியாள் உள்ளே வரக்கூடாது; வீட்டாரும் வெளியே சுற்றமாட்டார்கள். உடம்பு தேறி, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றின பிறகுதான் எல்லாம் பழையபடி ஆகும். வாசலில் இருக்கிற வேப்பிலைக் கொத்து வைரஸைக் கொல்லாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் தெருவில் வருகிற ஆளை அது நிறுத்தும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படிக்கக்கூடிய அறிவிப்பு அது. என்னைக் கேட்டால், நம் தெருக்களின் முதல் சுகாதாரச் செய்தித்தாள் அதுதான்.

குறை என்னவென்றால், அந்தச் சேதி தெருவைத் தாண்டவில்லை. பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்கு, வேப்பிலை செருகியிருப்பது தெரியாது. கிராம முன்சீப்புக்குச் சொல்லலாம். அவர்தான் அப்போது பிறப்பு, இறப்பைப் பதிகிறவர். ஆனால் அம்மன் வந்திருக்கிறாள், இதைப் போய் சர்க்காரிடம் சொல்வதா என்று பலர் தயங்கினார்கள். வீட்டைப் பூட்டிவிடுவார்களோ, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்விடுவார்களோ என்ற பயமும் இருந்தது. 1939-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொதுச் சுகாதாரச் சட்டம் தொற்றுநோயைத் தெரிவிப்பதைக் கடமையாக்கியது. திருவிழாக் கூட்டங்களில் சுகாதார ஏற்பாடு செய்வது பற்றியும் அந்தச் சட்டத்தில் தனி அத்தியாயம் இருக்கிறது. சட்டம் வந்தால் பயம் போய்விடுமா, என்ன?

பெரியம்மையில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. கொடிய நோயில் நல்லது என்ன என்று கேட்காதீர்கள். துப்பறிகிறவர் கண்ணால் பாருங்கள். அது மனிதருக்கு மட்டுமே வந்தது. காட்டு விலங்கிலோ கொசுவிலோ போய் ஒளிந்துகொள்ளாது. வந்தால் முகத்திலும் கையிலும் கொப்புளம் தெரியும். போனாலும் தழும்பு தெரியும். ஆகவே அது போன வழியைப் பின்தொடரலாம். சென்னைத் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் இருந்த டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ், ஏழாயிரத்தை நெருங்கும் பெரியம்மை நோயாளிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்தவர். யாரிடமிருந்து யாருக்குப் பரவியது, தடுப்பூசி போட்டவர் எத்தனை பேர், போடாதவர் எத்தனை பேர் என்று ஒவ்வொன்றாக எழுதிவைத்தார். அவருடைய நூல் 1972-ல் வெளிவந்தது. பெரியம்மை பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவருக்கே, முக்கியமாக ஒரே வீட்டில் இருப்பவருக்கே பரவுகிறது என்பது அப்படிப்பட்ட குறிப்புகளிலிருந்துதான் தெளிவானது.

இன்னொன்றும் தெரிந்தது. கிருமி உடம்புக்குள் போனதும் கொப்புளம் வந்துவிடாது. ஏறக்குறைய பன்னிரண்டு நாள் ஆகும். கிருமி தொற்றி மூன்று நாலு நாளைக்குள் தடுப்பூசி போட்டுவிட்டால், நோய் வராமலே தடுக்கலாம், வந்தாலும் லேசாகப் போகும். அதாவது, சேதி சீக்கிரம் வந்தால் நமக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. நோயாளியின் வீட்டார், பக்கத்து வீட்டார், அவரைப் பார்க்க வந்தவர் என்று சுற்றிலும் எல்லோருக்கும் ஊசி போட்டு ஒரு வளையம் கட்டினால், கிருமிக்குப் போக்கிடம் இல்லை.

1967-ல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மையைத் தீவிரமாக ஒழிக்கும் வேலையில் இறங்கியது. 1973-ல் பார்த்தால், தமிழ்நாடு உட்படத் தென் மாநிலங்களில் அது அநேகமாக அடங்கியிருந்தது. உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்காளம், மத்தியப் பிரதேசம் ஆகிய இடங்களில்தான் குவிந்திருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் புதிய முறையில் தேடத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவரை எண்ணிக்கொண்டு உட்காராமல், ஊர் ஊராகப் போய்த் தேடுவது. கையில் அம்மைக் கொப்புளம் உள்ள குழந்தையின் படம் போட்ட அட்டை. சந்தைக்குப் போவார்கள், டீக்கடைக்குப் போவார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். “இப்படி யாருக்காவது இருக்கிறதா?” என்று அட்டையைக் காட்டுவார்கள். பெரியவர்கள் யோசிப்பார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பளிச்சென்று சொல்லிவிடுவார்கள். எந்த வீட்டில் யார் விளையாட வரவில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்குமா?

முதல் தேடலிலேயே எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது. வாரத்துக்குச் சில நூறு பேர் என்று பேரேட்டில் எழுதப்பட்டு வந்த இடத்தில், உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் மட்டும் சில நாட்களில் பத்தாயிரம் பேர் அளவில் கண்டுபிடித்தார்கள். “இவர்கள் வந்தபிறகுதானே நோய் கூடியிருக்கிறது!” என்று கேட்கத் தோன்றும். நோய் கூடவில்லை. ஏற்கெனவே இருந்தது இப்போதுதான் கண்ணில் பட்டது. எண்ணிக்கை ஏறியது என்று செய்தித்தாளில் படிக்கும்போது, நோய் ஏறியதா, தேடுவது ஏறியதா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பெரியவர்களே பல சமயம் இதில் தடுமாறுகிறார்கள்.

பீகாரிலும் அந்தச் சந்தேகம் வந்தது. வளையம் கட்டுவதெல்லாம் வேண்டாம், பழையபடி எல்லோருக்கும் ஊசி போட்டுக்கொண்டே போகலாம் என்று அந்த மாநில அமைச்சர் சொல்லிவிட்டார். கூட்டத்தில் இருந்த இளம் டாக்டர் ஒருவர் எழுந்து, தன் கிராமத்தில் ஒரு வீடு தீப்பிடித்தால் தண்ணீரை அந்த வீட்டுக்குத்தான் ஊற்றுவோம், ஊரில் உள்ள எல்லா வீட்டுக்கும் ஊற்றமாட்டோம் என்று சொன்னாராம். அமைச்சர் இன்னும் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். இதை எழுதிவைத்தவர் அங்கே வேலை செய்த அமெரிக்க டாக்டர் வில்லியம் ஃபேகி. பெரியம்மையை ஒழித்ததைப் பற்றி அவர் எழுதிய நூலின் தலைப்பே ‘எரியும் வீடு’ என்ற பொருளில்தான் இருக்கிறது.

1974 கொடிய ஆண்டு. இந்தியாவில் 1,88,000 பேருக்கு மேல் பெரியம்மை கண்டது. அடுத்த ஆண்டு மே மாதம் அசாமில் கரீம்கஞ்ச் ரயில் நிலைய நடைமேடையில் வாழ்ந்துவந்த சைபான் பீபி என்ற பெண்ணோடு அது முடிந்தது. 1975 மே 24 அன்று அவருக்குக் கொப்புளம் தெரிந்தது. இந்தியாவின் கடைசி நோயாளி அவர். அதற்குப் பிறகும் தேடுவதை நிறுத்தவில்லை. பெரியம்மை நோயாளியைக் காட்டினால் ஆயிரம் ரூபாய் பரிசு என்று சுவரெல்லாம் ஒட்டினார்கள். அன்றைக்கு ஆயிரம் ரூபாய் என்பது பலருக்குப் பல மாதச் சம்பளம். பரிசை வாங்க ஆள் இல்லாமல் போனது.

இனி அந்தச் சிறுமி. வங்கதேசத்தில் போலா என்று ஒரு தீவு இருக்கிறது. 1975 அக்டோபரில் அங்கே ரஹீமா பானு என்ற சின்னக் குழந்தைக்கு உடம்பெல்லாம் கொப்புளம். பக்கத்தில் இருந்த பில்கிசுன்னிசா என்ற எட்டு வயதுப் பெண் அதைப் பார்த்துவிட்டுச் சுகாதாரக் குழுவிடம் போய்ச் சொன்னாள். தந்தி பறந்தது. வீட்டுக்கு இரவும் பகலும் காவல் போட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் பதினெட்டாயிரம் பேர் அளவில் ஊசி போட்டுக்கொண்டார்கள். ரஹீமா பிழைத்து, வளர்ந்து, குழந்தைகளும் பெற்றாள். பெரியம்மையில் இரண்டு வகை உண்டு. அதில் ஆளைக் கொல்லும் கொடிய வகை இயற்கையாகத் தொற்றிய கடைசி மனிதர், உலகத்திலேயே, ரஹீமாதான். பில்கிசுன்னிசாவுக்கு 250 டாக்கா (வங்கதேசப் பணம்) பரிசு. லேசான வகை 1977 அக்டோபரில் சோமாலியாவில் அலி மாவ் மாலின் என்ற ஆஸ்பத்திரி சமையற்காரரோடு நின்றது. 1980 மே 8 அன்று, பெரியம்மை உலகத்தில் இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை அறிவித்தது.

உங்கள் தாத்தா பாட்டியின் கையைப் பிடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று வட்டத் தழும்புகள் இருக்கலாம். அம்மை குத்துகிறவர் வந்து போட்டது அது. உங்கள் தோளில் இருக்கிற சின்னத் தழும்பு வேறு. அது காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி.

சரி, இப்போது வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நாலைந்து பேருக்கு ஒரே வாரத்தில் காய்ச்சலும் தடிப்பும் வந்தால் என்ன நடக்கும்? முதலில் தெரிவது கிராம சுகாதாரச் செவிலியருக்கு. நம் ஊரில் நர்ஸம்மா என்று கூப்பிடுகிறோமே, அவர்தான். வீடு வீடாகப் போகிறவர். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை என்று கண்ணால் பார்த்த அறிகுறிகளை எழுதுவார். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் நோயாளியைப் பரிசோதித்து, இது இந்த நோயாக இருக்கலாம் என்று எழுதுவார். ரத்தமோ சளியோ பரிசோதனைக் கூடத்துக்குப் போனால், அவர்கள் இதுதான் என்று எழுதுவார்கள். ஒரே நோயை மூன்று பேர் மூன்று கோணத்தில் பார்க்கிறார்கள். 2004-ல் இந்தியாவில் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இந்த மூன்று படிவங்களின் மேல்தான் நிற்கிறது. முன்பு காகிதத்தில் வாரம் ஒருமுறை போனது. 2021-க்குப் பிறகு கணினியில் அன்றன்றே போகிறது. திருவாரூரில் மாவட்ட அலுவலகம், சென்னையில் பொதுச் சுகாதார இயக்ககம், டில்லியில் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம். நர்ஸம்மா எழுதியது அங்கே வரை போகும்.

நோய் எதுவும் இல்லை என்றால்? அப்போதும் ‘0’ என்று எழுதியே ஆக வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்த விதி. காலியாக விட்டால், நோய் இல்லையா, நர்ஸம்மா லீவா என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. பூஜ்யம் என்று எழுதினால், பார்த்தேன், இல்லை என்று அர்த்தம். போலியோவை நாம் இப்படித்தான் துரத்தினோம். பதினைந்து வயதுக்குள் எந்தப் பிள்ளைக்கும் திடீரென்று கை கால் தளர்ந்தால், போலியோவோ இல்லையோ, உடனே தெரிவிக்க வேண்டும். மலத்தை இரண்டு தடவை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். நம் பக்கத்து மாதிரிகள் சென்னைக் கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போகும். ஒரு காலத்தில் பெரியம்மைத் தடுப்பு மருந்தைத் தயாரித்ததும் அதே நிறுவனம்தான். இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில், ஹவுராவில். அதன்பின் மூன்று ஆண்டு பூஜ்யம் பூஜ்யமாக எழுதிக் காட்டினபிறகே, 2014 மார்ச்சில் சான்றிதழ் கிடைத்தது.

படிவங்கள் வந்து சேர்ந்ததும் அடுத்த வேலை படம் வரைவது. நீங்களும் வரையலாம். கணக்கு நோட்டில் கட்டம் போட்ட பக்கத்தை எடுங்கள். கீழே ஒரு கோடு, கோட்டில் தேதிகள். நோய் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். எந்தத் தேதியில் உடம்புக்கு வந்ததோ, அந்தத் தேதிக்கு மேல் கட்டத்தைக் கறுப்பாக்குங்கள். இரண்டாவது ஆள் வந்தால் அதன் தலைக்கு மேல் இன்னொரு கட்டம்.

இப்போது இரண்டு ஊர்களைக் கற்பனை செய்வோம். முதல் ஊரில் ஒரு கல்யாணம். மதியச் சாப்பாடு. பொழுது சாய்வதற்குள் முப்பது பேருக்கு வாந்தி. மறுநாள் இரண்டு பேர். அதோடு சரி. உங்கள் நோட்டில் ஒரே தேதியில் பனைமரம் மாதிரி உயரமாக ஒரு தூண் நிற்கும். பக்கத்தில் ஒரு குட்டி. இரண்டாவது ஊரில் பத்தாம் தேதி ஒரு பையனுக்கு மணல்வாரி. அப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் ஒன்றுமே இல்லை. பிறகு நாலு பேர், எல்லோரும் அந்தப் பையனின் வகுப்பு. மறுபடி பத்துப் பன்னிரண்டு நாள் அமைதி. பிறகு பதினொரு பேர், அவர்களின் தம்பி தங்கைகள். படத்தில் மேடு, பள்ளம், அதைவிடப் பெரிய மேடு.

முதல் படம், எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் ஏதோ ஒன்றைச் சாப்பிட்டார்கள் என்கிறது. அங்கே சமையற்கட்டுக்குப் போக வேண்டும். இரண்டாவது படம், ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவுகிறது என்கிறது. அங்கே இன்னும் ஊசி போடாத பிள்ளைகளைத் தேடிப் போக வேண்டும். மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவில் உள்ள நாட்களே கிருமியின் அடையாளத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். தட்டம்மைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் என்றால், காலராவுக்குச் சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாள் வரை. இத்தனையும் நுண்ணோக்கி இல்லாமல், பென்சிலும் கட்டம் போட்ட நோட்டும் வைத்துக்கொண்டு தெரிந்துகொள்வது.

கணினி வருவதற்கு முன், நோய்ச் சேதி சேர்க்கும் இந்த வேலையைத் தமிழ்நாட்டிலேயே அழகாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் என்று ஒரு வைரஸ் இயல் நிபுணர். 1980-களில், அன்றைய வடஆற்காடு மாவட்டத்தில், அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி எல்லோரையும் ஒரே வலையில் இணைத்தார். வலைக்கு நூல் எது தெரியுமா? அஞ்சலட்டை! நோய்களின் பெயரை முன்கூட்டியே அச்சடித்த அட்டை. டாக்டர் ஒரு நோயாளியைப் பார்த்ததும் அட்டையை நிரப்பித் தபால் பெட்டியில் போட்டால் போதும். வந்த அட்டைகளைப் பார்த்து எந்த ஊரில் என்ன நோய் தலைதூக்குகிறது என்று கண்டுபிடித்து, உடனே ஆள் அனுப்பினார்கள். மாதந்தோறும் ஒரு செய்தி மடல் அச்சிட்டு, அட்டை எழுதியவர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். இதுதான் சூட்சுமம் என்று நான் நினைக்கிறேன். தான் எழுதியதை யாரோ படித்தார்கள், அதனால் ஏதோ நடந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த அட்டையை எழுதக் கை போகும். ஏறத்தாழ ஐம்பது லட்சம் பேர் வாழ்ந்த இடத்தில் இது நடந்தது. பின்னால் ‘லான்செட்’ என்ற உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் அதைப் பற்றிக் கட்டுரை வந்தது.

எல்லா நோயும் கொப்புளம் காட்டிக் கூப்பிடாது. யானைக்கால் நோய் ஓர் உதாரணம். கும்பகோணம் வட்டாரம் ஒரு காலத்தில் இதற்குப் பெயர் போனது. சாக்கடையில் வளரும் கொசு ஒன்று இதற்கான புழுவை மனிதர் உடம்பில் கொண்டுவந்து சேர்க்கிறது. அங்கே வளர்ந்த புழு, நூல் போன்ற சின்னஞ்சிறு புழுக்குஞ்சுகளை ரத்தத்தில் விடுகிறது. கால் வீங்குவதற்குப் பல வருடம் ஆகும். அதுவரை அந்த ஆளுக்கே தெரியாது. பகலில் ரத்தம் எடுத்துப் பார்த்தாலும் தெரியாது, ஏனென்றால் புழுக்குஞ்சுகள் பகலில் நுரையீரல் பக்கத்து ரத்தக் குழாய்களில் போய் இருந்துகொள்ளும். இரவு ஆனதும்தான் தோலுக்கு அருகே வரும். எதற்கு? அந்தக் கொசு கடிப்பதும் இரவில்தானே! ஆகவே ராத்திரி எட்டு மணிக்குமேல் டார்ச் விளக்கோடு சுகாதார ஊழியர்கள் தெருவுக்கு வந்து, தூங்கப் போகிறவரை எழுப்பி விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் கேட்டார்கள். திட்டு வாங்காமல் இருந்திருப்பார்களா?

அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கும் திட்டம் வந்தது. நோய் நின்றதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வழி வகுத்திருக்கிறது. பெரியவர் ரத்தத்தில் புழு இருந்தால் அது பழைய காலத்துப் புழுவாக இருக்கலாம். மாத்திரை கொடுக்கத் தொடங்கினபின் பிறந்த பிள்ளையிடம் இருந்தால், புழு இப்போதும் பரவுகிறது என்று பொருள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் விரல் நுனி ரத்தம் ஒரு மாவட்டத்துக்கே சாட்சி சொல்கிறது.

உலக அளவிலும் நடப்பது இதேதான், தூரம் மட்டும் அதிகம். 2003 பிப்ரவரி கடைசியில் வியட்நாமின் ஹனோய் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் விசித்திரமான நிமோனியாவோடு ஒருவர் படுத்திருந்தார். அங்கே உலக சுகாதார நிறுவனத்துக்காக வேலை செய்த இத்தாலிய டாக்டர் கார்லோ உர்பானி போய்ப் பார்த்தார். இது வழக்கமான காய்ச்சல் இல்லை என்று மேலே சேதி அனுப்பினார். அந்த நோய்தான் சார்ஸ். மார்ச் 12-ல் உலகம் முழுவதற்கும் எச்சரிக்கை போனது. வியட்நாம் அதை முதலில் கட்டுப்படுத்திய நாடானது. உர்பானியோ அதே நோய் தொற்றி, மார்ச் 29 அன்று இறந்துபோனார்.

நாடுகளும் நம் வீடுகளைப்போலத் தயங்கும். 1994-ல் சூரத்தில் பிளேக் என்று சேதி பரவியபோது, பல நாடுகள் இந்தியாவுக்கு விமானத்தை நிறுத்தின, நம் சரக்கை வாங்க மறுத்தன. சொன்னால் நஷ்டம் என்றால் யார் சொல்வார்கள்? 2007 ஜூனில் நடைமுறைக்கு வந்த சர்வதேச சுகாதார விதிகள் இதைத்தான் சரிசெய்யப் பார்க்கின்றன. எல்லை தாண்டக்கூடிய ஆபத்து என்று ஒரு நாடு கணித்தால், 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொல்லிவிட வேண்டும். மற்ற நாடுகளும் தேவைக்கு மேல் கதவை அடைக்கக்கூடாது. முதல் பாதியை ஓரளவு கேட்கிறார்கள். இரண்டாவது பாதியைக் கேட்பது குறைவு.

அரசாங்கம் சொல்லும்வரை காத்திருக்காமல் செய்தித்தாளைப் படித்தே மோப்பம் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். டில்லியில் 2008 ஜூலை முதல் இதற்கென்றே ஒரு பிரிவு இயங்குகிறது. எங்கோ ஒரு மூலையில் ‘மர்மக் காய்ச்சல்’ என்று நாலு வரிச் செய்தி வந்தாலும், அந்த மாவட்டத்துக்குப் போன் போகும். உண்மையா, புரளியா என்று அவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். உலக அளவில் புரோமெட் என்ற சேவை 1994 முதல் இந்த வேலையைச் செய்கிறது. 2019 டிசம்பர் 30 அன்று, சீனாவில் ஊகான் நகரத்தில் காரணம் தெரியாத நிமோனியா என்று உலகத்துக்கு அது சொன்னபோது, கொரோனா என்ற பெயர்கூட நம் காதில் விழுந்திருக்கவில்லை.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. இதுவும் கற்பனை ஊர். காவிரிக் கிளையாறு ஒன்றின் கரையில் கீழத்தெரு, மேலத்தெரு என்று இரண்டே தெரு. தெருவுக்கொரு தண்ணீர்த் தொட்டி. திங்கள் முதல் வியாழன் வரை கீழத்தெருவில் 14 பேருக்கு வயிற்றுப்போக்கு. மேலத்தெருவில் ஒரே ஒரு பையனுக்கு. கீழத்தெருத் தொட்டியில்தான் கோளாறு என்று நீங்கள் இதற்குள் சொல்லியிருப்பீர்கள். அவசரப்படாதீர்கள். கீழத்தெருவின் நடுவில் ஏழு பேர் உள்ள ஒரு வீடு இருக்கிறது. அங்கே ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீங்கள்தான் விசாரிக்கப் போகிறீர்கள். மேலத்தெருப் பையனிடம் என்ன கேட்பீர்கள்? அந்த ஏழு பேர் வீட்டில் என்ன கேட்பீர்கள்? இரண்டு கேள்விகளையும், அவர்கள் என்ன பதில் சொன்னால் உங்கள் சந்தேகம் உறுதியாகும் என்பதையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி ஆசிரியருக்கு அனுப்புங்கள்.